ஐஸ் அக்கா

சவர பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, எஃகுக் கலனின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுகிறாள் ஐஸ் அக்கா. பிரஷ் கணவனுடையது, அவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு இதை ஆய்வுக்கூடத்துக்குக் கடத்தி வந்துவிட்டாள். குமிழி வந்தால் வாயு கசிகிறது என்று அர்த்தம். வரவில்லை. "இன்னிக்காவது மனசு வை தாயே" என்று கலனின் தலையில் ஒரு தட்டு.

சொல்லப்போனால், காத்திருப்பதுதான் அவள் வேலை. குளிர்ந்த தண்ணீரோடு மீத்தேன் வாயுவை அழுத்தி அடைத்தால், நீர் கூண்டு கூண்டாக இறுகி, வாயுவைச் சிறைபிடித்து வெள்ளைக் கட்டியாகும். எப்போது ஆகும் என்பதுதான் யாருக்கும் பிடிபடாத சங்கதி. மதியமே ஆகலாம், வாரக்கணக்கில் வெறும் தண்ணீராகவே சுற்றிக்கொண்டும் இருக்கலாம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே இவள் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுத்தமானியின் முள்ளையே பார்த்திருப்பாள். கணினி தானாகவே எல்லாம் பதியும், இவளுக்கு நம்பிக்கையில்லை. "கரன்ட் போனா அது தூங்கிடும். எனக்குத்தான் தூக்கமே வராதே!"

"மருமக ஐஸ் போடுறா" என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்வார். "அதுக்கு ஃப்ரிட்ஜ் போதாதாம்மா?" என்று இவளிடமே ஒருமுறை கேட்டும்விட்டார். கூட முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களின் கிண்டல் வேறு தினுசு. "தண்ணிக்கு வைக்கிற ஐஸை சாருக்கு வெச்சிருந்தீங்கன்னா, இந்நேரம் டாக்டர் ஆகியிருப்பீங்கக்கா!" அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிவிடும்.

இந்த வாரம் அவளுடைய ஆய்வு வழிகாட்டியான சாரே வந்து நின்றார். "வர்ற திங்கக்கிழமைலேர்ந்து கலன் வேற குழுவுக்கும்மா. நீ வேற தலைப்பு பாரு."

"சரி சார்" என்றாள். இத்தனை வருடப் பாடும் போச்சே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் ஃபோனில் கேட்டாள். "எப்பம்மா வருவே?"

"தோ, கெளம்பிட்டேண்டா." தினமும் சொல்கிற பொய். சொல்லி வாய் மூடவில்லை, முள் சரிந்தது. கசிவுதான் என்று அலுத்துக்கொண்டே பிரஷை எடுத்தாள். குமிழி இல்லை. வெப்பமானியைப் பார்த்தாள், உள்ளே லேசாகச் சூடு ஏறியிருந்தது. கட்டி பிடிக்கும்போதுதான் அப்படி ஏறும்.

"வெச்சிடு கண்ணு. அம்மா அப்புறம் பேசறேன்."

கலனைத் திரவ நைட்ரஜனில் நன்றாகக் குளிரவைத்து, மிச்ச வாயுவை வெளியே போக்கித் திறந்தபோது, அடியில் கல் உப்பு மாதிரி ஒரு கைப்பிடி வெள்ளை. சடசடவென்று பொரிந்தது. சேதி கேட்டுச் சார் செருப்பை மாட்டவும் மறந்து ஓடிவந்தார். சக மாணவி ஒருத்தி, புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கட்டியை வைத்துத் தீக்குச்சியைக் காட்டினாள். கீழே தண்ணீர் சொட்டச் சொட்ட, மேலே நீலமாக எரிந்தது பனிக்கட்டி. ஒரே கைதட்டல்.

"கலன் உங்கிட்டயே இருக்கட்டும்மா. ஆனா இதையே இன்னும் ரெண்டு தடவையாவது செஞ்சு காட்டணும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

ஃபோட்டோவுக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். வந்தாள். கேமராவைப் பார்க்கவில்லை. விறைத்துப்போன விரல்களைக் கூண்டுக்குள் நீட்டி, அந்தத் தீயில் குளிர்காய ஆரம்பித்தாள்.