பெருவிரலால் வயது சொன்னவர்

ஊர்காவற்றுறையில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர் நரைத்த மீசைக்காரர், நல்ல தடித்த மனிதர். ஆடு வாங்கும்போது பல்லைப் பார்க்கமாட்டார். கழுத்தடியைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் வயது சொல்லுவார்.

எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த நான், லீவில் வந்து அவர் கடைக்குப் போனேன். அங்கே ஒரு அக்கா அவரோடு சண்டை.

"குட்டியெண்டு சொல்லிக் கிழட்டுக் கிடாயைத் தாறீரோ?"

தொங்கிய ஆட்டின் கழுத்தில் வெளிறிய சதைபோல ஒரு சுரப்பி தெரிந்தது. நான் இடையில் புகுந்தேன்.

"அக்கா, இது தைமஸ் சுரப்பி. குட்டிக்குத்தான் இவ்வளவு பெரிசாயிருக்கும். வயது போகக் கரைஞ்சிடும்."

அக்கா இறைச்சியை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"உமக்கு இதெப்பிடித் தெரியும்?"

"நோயை எதிர்க்கிற அணுக்களைப் பழக்கிறது இதுதான், அண்ணை. இதிலை சுரக்கிறதை நாங்கள் ஆய்வுகூடத்திலை செயற்கையாச் செய்து பாக்கிறம்."

"மனிசருக்கும் கரையுமோ?"

"ஓம்."

"நீங்கள் செய்யிறதைப் போட்டால் திரும்ப வளருமோ?"

"அதுதான் இன்னும் தெரியேல்லை."

அவர் கையைத் துடைத்துவிட்டு, என் கழுத்தடியில் பெருவிரலை வைத்து மெல்ல அமுக்கினார். ஆட்டுக்கு வயது பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுறுக்காக் கண்டுபிடியும், தம்பி," என்றார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயதுதான்.