களத்தில் சிவக்காத கண்

மாசி அறுவடையின்போது சங்கரன்கோயில் பக்கம் யாரும் உல்லாசமாகப் போவதில்லை. நான் அக்காவின் வலது கண்ணுக்காகப் போனேன். நெல் அடிக்கையில் உமி பட்டது, கடையில் வாங்கிய சொட்டுமருந்தில் சிவப்பு போய்விட்டது, ஆனால் பார்வை புகைகிறது என்று கடிதம் வந்திருந்தது. அதில் மருந்தின் பெயரைப் படித்ததும் எனக்குச் சென்னையில் இருப்புக் கொள்ளவில்லை.

காரணம், என் ஆய்வுக்கூட வேலை. கோழிக்கருவின் கருவிழி உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறோம். நடுவே கீறிவிட்டால், சுற்றியுள்ள அணுக்கள் பெருகிப் பரவி மூடிவிடும். கார்டிசோன் என்ற ஹார்மோன் சேர்த்த தட்டுகளிலோ கீறல் அப்படியே கிடந்தது. முடிவு சுத்தமாக வந்திருக்கிறதென்று பேராசிரியர் மகிழ்ந்தார். அக்காவின் மருந்திலும் அதே ஹார்மோன்தான். சிவப்பை அடக்கும், புண்ணை மூடவிடாது.

மாலை ரயில் ஏறி, விருதுநகரில் வண்டி மாறினால் மறுநாள் முற்பகலில் சங்கரன்கோயில். அங்கிருந்து வாசுதேவநல்லூர் பஸ், ஒரு மணி நேரம். காலடியில் கோழிக்கூடை இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். கண்டக்டர் கோழியின் பக்கம்தான் பேசுவார்.

நான் அக்காவின் ஊரில் இறங்கியபோது மதியக் கஞ்சி முடிந்து பெண்கள் களத்துக்குத் திரும்பும் நேரம். பண்ணையின் காரியஸ்தர் வழியில் நின்று, ஒவ்வொருத்தியின் இமையையும் தூக்கிப் பார்த்து உள்ளே விட்டார். கண்வலி பரவினால் அறுவடை நின்றுவிடுமாம். சிவந்த கண்ணுக்கு வேலை இல்லை. எல்லார் கண்ணுக்கும் ஒரே விரல், நடுவில் கழுவவில்லை.

மருந்தை நிறுத்தி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரும்படி அக்காவிடம் சொன்னேன்.

"நிறுத்துனா செவந்துரும்லா. பொறவு உள்ள விடுவானா? இன்னும் நாலு நாள்தாம்ல. அடிச்சு முடிச்சிட்டு வாரேன்," என்றாள் அக்கா.

அந்தக் கூலி நெல்தான் அவள் வீட்டில் சித்திரை வரை சோறு. என்னிடம் திரும்பும் ரயில் செலவுக்கு மட்டுமே இருந்தது. காரியஸ்தரிடம் போய், நாலு நாள் கூலி கொடுத்து அனுப்பும்படி கேட்டேன்.

"கண்ணு வெள்ளையாத்தான இருக்கு? சீக்குன்னா செவந்திருக்கணும்லா. படிச்சவன் பேசுத பேச்சால இது?" என்றார்.

நாலு நாளும் அவள் அடித்தாள். ஐந்தாம் நாள் திருநெல்வேலியில் டாக்டர் மருந்தை நிறுத்தினார். கண் சிவக்கும், புண் மெல்ல ஆறும், தழும்பு விழும், அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்றார். அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "செவப்பு எப்பம் போவும் டாக்டரே? அடுத்த களத்துக்கு ஆள் எடுக்குதாங்க."

போகிறவர்களுக்குச் சொல்வது இது. சங்கரன்கோயிலிலிருந்து திருநெல்வேலி முப்பத்தைந்து மைல். சாலை மோசம், பஸ் உண்டு. உமி பட்டவரை அன்றே ஏற்றிவிடுங்கள். அதற்கு முன் அவர் கையில் நாலு நாள் கூலியைக் கொடுங்கள். கொடுக்காமல் ஹார்மோனைப் பற்றி விளக்கினால், பொறுமையாகக் கேட்டுவிட்டுக் களத்துக்குப் போய்விடுவார்.