அப்பா போட்ட கணக்கில் வாடகை இல்லை

எங்கள் வீட்டின் முன்பக்கத்து அறை அப்பாவுடையது. வளைகுடாவில் குழாய் பொருத்தும் வேலை பார்த்து அவர் கட்டிய வீடு. நெய்யூரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், பின்னால் ரப்பர் மரங்கள். ஆனால் என் சிறுவயது முழுக்க அந்த அறையில் அவர் விருந்தாளிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் தன்னுடைய தேக்குக் கட்டிலில் படுத்து எழுவார், பிறகு பெட்டி கட்டிவிடுவார். நான் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போதுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். சர்க்கரை கூடியிருந்தது, முட்டி தேய்ந்திருந்தது. "இனி எனக்க கட்டிலை விட்டு நான் எங்கயும் போவமாட்டேன்" என்று வந்த அன்றே அம்மாவிடம் சொன்னார். அம்மா அன்று மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்து, அவர் சாப்பிடுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலாந்தில் ஒரு வருடம் பொது சுகாதாரம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது அதற்கு அடுத்த வருடம். செய்தி எங்களுக்கு முன்னால் சபைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்னை முன்னால் அழைத்து நிறுத்தி ஜெபித்தார்கள். அப்படி ஜெபித்து அனுப்பும் பிள்ளை போகாமல் இருக்க முடியாது. போய்விட்டுப் பாதியில் திரும்பவும் முடியாது.

நாகர்கோவிலில் ஒரு கன்சல்டன்சியில் விசா வேலைகளைக் கவனித்தார்கள். அங்கிருந்தவர் அப்பாவிடம், "பீஸ் போக, பிள்ளை அங்க இருக்கியதுக்குள்ள செலவும் அக்கவுண்டுல ஒரு மாசம் கெடக்கணும். ஷோ மணி" என்றார். அப்பா சிரித்தார். எமிகிரேஷனில் காட்டுகிற காகிதத்துக்கும் அங்கே போய் இறங்கிப் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இருக்காது என்று தன் காலத்தில் கண்டுவந்தவர் அவர். அரசாங்கம் எதைக் கேட்டாலும் அது வெறும் காட்டுவதற்கு என்பதே அவர் அனுபவம். மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பெரியப்பா வட்டிக்குப் பணத்தைப் போட்டுத் தந்தார். விசா வந்த அன்று மத்தியானமே அப்பா அதை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்தவன் பணம் ஒரு ராத்திரிகூட நம்மிடம் இருக்கக் கூடாது என்று அதில் அவருக்குப் பெருமை வேறு.

பிறகுதான் உண்மையான கணக்கை எழுத உட்கார்ந்தோம். அம்மாவின் நகையும் ரப்பர் நிலமும் வங்கிக்குப் போய், முதல் பாதி பீஸ் ஆயிற்று. டிக்கெட், குளிருக்குக் கோட், பிரஷர் குக்கர், கருவாட்டுப் பொடி என்று அப்பா வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முடித்தபோது நான் கேட்டேன்: "அப்பா, வாடகை?"

"எதுக்க வாடகை?"

"ரூம் வாடகை. நான் தங்கண்டாமா?"

"ஒறங்கதுக்கு வாடகையா?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "ஆளைக் கூப்புடுறவன் படுக்க எடம் தராம கூப்புடுவானா மக்கா? நான் இத்தன வருசம் இருந்தேனே, ஒரு பைசா குடுத்திருப்பனா?"

"அது கம்பெனி. இது காலேஜ்."

"எல்லாம் ஒண்ணுதாம். ரெண்டாம் பாதி பீஸை நீ அங்க சம்பாதிச்சே கெட்டிருவே. கெட்டிட்டு இங்கோட்டும் அனுப்புவே."

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அறை வாடகை போட்டிருந்த பக்கத்தைப் போனில் திறந்து காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பவுண்டை ரூபாயாக்கிப் பார்த்தார். "இது வெள்ளக்காரப் பிள்ளையளுக்குள்ள ரேட்டு" என்று போனைத் திருப்பித் தந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்த மனிதரிடம் வெளிநாட்டைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்? அம்மா அவர் பக்கம், பெரியப்பா அவர் பக்கம். எங்கள் ஊரிலிருந்து கடியப்பட்டணம் வரைக்கும் யாரைக் கேட்டாலும் அப்பா பக்கம்தான் நின்றிருப்பார்கள். வெளிநாடு போவது என்றால் விமான நிலையத்தில் கம்பெனி வண்டி வரும், கம்பெனி ரூமில் படுக்கை இருக்கும், மெஸ்ஸில் சோறு கிடைக்கும், மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் வரும். செலவழிப்பதற்காக ஒருவர் வெளிநாடு போவார் என்பதை எங்கள் ஆட்கள் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் நானும் வாயை மூடிக்கொண்டேன். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

போய்ப் பார்த்தேன். அங்கே வீடு காட்டிய ஏஜெண்டுகள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். அந்த நாட்டிலேயே வசிக்கிற ஜாமீன்காரர் வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்னால் வைக்க வேண்டும். என்னிடம் இருந்தது கருவாட்டுப் பொடி. சபைக்காரர் ஒருவரின் உறவினர் வீட்டில், அவர்கள் முகம் மாறத் தொடங்கும்வரை, சோபாவில் படுத்தேன். பிறகு ஒரு அறையில் நான்கு பெண்களாக, தரையில் மெத்தை போட்டு. அதற்கே கையில் கொண்டுபோனது கரைந்தது. விசா அனுமதிக்கிற மணிநேரம் முழுக்க ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். அந்தக் கூலி வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போயிற்று. பீஸுக்கு எதுவும் மிஞ்சவில்லை. நாங்கள் நால்வரும் ஒருவரிடம் ஒருவர் எதையும் கேட்டுக்கொள்வதில்லை. எல்லோருடைய வீட்டிலும் யாரோ ஒருவர் இப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஜனவரியில் மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் பாதி பீஸ் கட்டாவிட்டால் பதிவை ரத்து செய்து விசா அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுவார்கள். அப்பாவை அழைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார், மின்விசிறிச் சத்தம் கேட்டது. மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறேன், அதில் எவ்வளவு வாடகைக்குப் போகிறது என்று சொன்னேன்.

"ஒறங்கதுக்கா இவ்வளவும்?"

"ஆமா."

கட்டில் சத்தம் கேட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார். பிறகு, "அந்த ஷோ மணி..." என்று தொடங்கி நிறுத்தினார். மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "அவனுவ உள்ள செலவைத்தானே கேட்டிருக்கானுவ" என்றார். அவர் குரலில் அப்படியொரு திகைப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. நான் திரும்பி வந்துவிடுகிறேன் என்றேன்.

"வந்தா? நெலம் வருமா? நகை வருமா? நீ படி" என்று போனை வைத்தார்.

பெரியப்பா கையை விரித்துவிட்டார். அவருடையது ஒரு மாதம் போட்டு எடுக்கிற பணம், வருடக்கணக்கில் முடங்க அது சரிப்படாது. பல்கலைக்கழகத்தில் கெஞ்சியதில் மீதியை மாதத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். அப்பா தன் பழைய போர்மேனுக்குப் போன் செய்தார் என்பதை அம்மாதான் அழுதுகொண்டே சொன்னாள். முட்டி போனவருக்குக் குழாய் வேலை இல்லை. தொழிலாளர் முகாமில் காவலாள் வேலை. மெடிக்கலுக்கு முன்னால் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டித் தேறினாராம். அதுவும் காட்டுவதற்குத்தான்.

வளைகுடா போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் அழைத்தார். இரும்புக் கட்டில்கள் இரண்டு அடுக்காக நின்றன. கீழ்ப் படுக்கைகள் எல்லாம் முன்பே வந்தவர்களுக்கு. அவருக்கு மேலே. "பாத்தியா மக்கா, கம்பெனி ரூம். ஒறங்கதுக்கு ஒரு பைசா குடுக்காண்டாம்" என்றார். குத்திக் காட்டவில்லை, என்னைத் தேற்றத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். படம் தெரியவில்லை, அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

என் படிப்பு முடிந்தது. படித்ததற்கான வேலை அமையவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்து, முடிந்ததை அனுப்புகிறேன். நிலம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அப்பாவும் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வட்டிக்கு முட்டுகிறது என்று அம்மா முன்பக்கத்து அறையை நர்சிங் படிக்கிற இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். அப்பாவின் கட்டிலை மட்டும் பின்னறைக்கு மாற்றி, துணி போட்டு மூடி வைத்திருந்தாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இருவருமே தள்ளிப்போட்டோம். கடைசியில் நான்தான் சொன்னேன்.

எவ்வளவு வாடகை என்று கேட்டார். சொன்னேன்.

"கட்டிலையும் சேத்துக் குடுத்தா இன்னும் கொஞ்சம் கேக்கலாமே" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து அம்மா முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்குகிறாள்.