கேக் வெட்டினால் யாருக்கு வேலை போகும்?

ஆட்களை வேலை வாங்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: நாம் சிரித்தால் எதிரில் இருப்பவர் சிரிக்க மாட்டார், "என்ன விஷயம்?" என்றுதான் கேட்பார். காரைக்கால் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் நான் எச்.ஆர். கீழே பெண்கள் மேசை மேசையாக நின்று இறால் உரிக்கும் கூடம். மேலே கண்ணாடி வைத்த என் அறை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து படிகள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் எங்கள் பெண்களில் பாதிப் பேர் மீன் ஏலத்துக்கும் கருவாட்டுக்கும் போய்விடுவார்கள். இந்த முறை முதலாளி முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அஞ்சலையின் மேசை காலியானால் என் நாற்காலியும் காலி. இறால் உரிக்கும் அஞ்சலைக்கு ஊர் பக்கத்து மீனவக் கிராமமான கருக்களாச்சேரி. அவர் மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் அதே ஊர். அவர் கிளம்பினால் அந்த மேசையே கிளம்பிவிடும்.

அதற்கு மருந்தாக என்னைப் பாண்டிச்சேரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். கோட்டு போட்ட ஒருவர் திரையில் முக்கோணம் காட்டினார். அடியில் சோறு, அதற்கு மேலே பாதுகாப்பு, அப்புறம் உறவு, மரியாதை, உச்சியில் தன் திறமை முழுவதும் வெளிப்படுகிற நிறைவு. ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டால் மனிதன் தானாகவே உழைப்பானாம். ஆட்களைச் சோம்பேறி என்று நினைக்கும் மேலாளர், ஆர்வமுள்ளவர் என்று நினைக்கும் மேலாளர் என்று இரண்டு வகை உண்டு என்றும் சொன்னார். ஆட்கள் மேலாளரை என்ன நினைப்பார்கள் என்பதற்கு மட்டும் திரையில் படம் இல்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. திரும்பி வந்து ஷிப்டு சூப்பர்வைசர் மதியழகனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எல்லாம் சரிங்க மேடம், ஏறுனவங்களத் தள்ளிவிடறது எந்தப் படியிலேர்ந்துன்னு சொன்னாங்களா?"

கேக்

மூன்றாவது படியான உறவிலிருந்து தொடங்கினேன். பிறந்தநாள் கொண்டாட்டம்! அந்த மாதம் பிறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு கேக், மேலே கிரீமில் வாழ்த்து. கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, "இந்த மாசம் யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டேன். ஒருவரும் முன்னால் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கெஞ்சக் கெஞ்ச இன்னும் பின்னால் நகர்ந்தார்கள்.

கடைசியில் நானே வெட்டி நானே பரிமாறினேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், பிறந்தநாளை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கை கழுவும் இடத்தில் அஞ்சலையைப் பிடித்துக் கேட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வயசக் கண்டுபுடிச்சு வயசானவங்கள நிறுத்தத்தானே மேடம் கேக்கு? நாங்க என்னா சின்னப் புள்ளைங்களா?"

சுவரில் ஒரு படம்

அடுத்து நான்காவது படி, மரியாதை. மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று அஞ்சலையையே தேர்ந்தெடுத்து, அவர் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் கட்டி வாசல் கூடத்தில் மாட்டினேன். அங்கே ஏற்கெனவே முதலாளியின் காலஞ்சென்ற அப்பா படம் ஒன்று இருந்தது. பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று மாட்டியதுதான் நான் செய்த தப்பு. வெள்ளிக்கிழமை அப்பா படத்துக்குப் பூ போட வந்த புது வாட்ச்மேன் பக்கத்தில் புதிதாக ஒரு படத்தைப் பார்த்தார். யாரோ பாவம் போய்விட்டார்கள் என்று நினைத்து அதற்கும் மாலை போட்டு, இரண்டு ஊதுபத்தியும் கொளுத்தி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவியை அழைத்துப்போக பைக்கில் வந்த அஞ்சலையின் கணவர் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அலறினார். உள்ளேயிருந்து அஞ்சலையே ஓடிவந்து அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. படத்தை உடனே கழற்றினேன். ஆனால் அது தொங்கிய நாட்களில் வேறொன்றும் நடந்திருக்கிறது. அஞ்சலை மேலிடத்துக்குத் தகவல் சொல்கிறார் என்று பேச்சு கிளம்பி, சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போயிருக்கிறது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்டது: "என்னைப் பெருமைப்படுத்தச் சொல்லி நான் உங்ககிட்ட கேட்டனா மேடம்?"

குக்கர்

முக்கோணம் வேண்டாம், நேராகப் பரிசு கொடுப்போம் என்று இறங்கி வந்தேன். மாதம் முழுக்க லீவு போடாதவர்களுக்குக் குக்கர். இது பலித்தது. காய்ச்சலோடுகூட வந்தார்கள். முதலாளி இரண்டு முறை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மாதக் கடைசியில் கருக்களாச்சேரியில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். ஊரில் சாவு விழுந்தால் உடலை எடுக்கும்வரை படகு இறங்காது, யாரும் வேலைக்கும் போகமாட்டார்கள். அஞ்சலையின் மேசை முழுக்க அன்று வரவில்லை. விதி விதிதான் என்று நானும் விறைப்பாக இருந்துவிட்டேன். மற்ற மேசைகளில் இருந்த மண்டபத்தூர்ப் பெண்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற, கருக்களாச்சேரிப் பெண்கள் சும்மா நின்று பார்த்தார்கள். ஊருக்கு ஊர் மூட்டிவிடத்தான் நான் இதைச் செய்தேன் என்று அவர்களுக்கு இப்போது நிச்சயமாகிவிட்டது. அஞ்சலை என் அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "குக்கர் இல்லாமயும் எங்க வூட்ல சோறு வேகும் மேடம். சாவுக்கு நாங்க போவலன்னா நாளைக்கு எங்க வூட்டுக்கு யாரு வருவா?"

மறுநாள் அந்த மேசை காலி.

கருக்களாச்சேரியில்

சரக்கு கப்பலுக்குப் போக வேண்டிய வாரம் அது. முதலாளி என் நாற்காலியை ஒருமுறை பார்த்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்குப் போனேன். அஞ்சலை கரையில் மீன் அரிந்துகொண்டிருந்தார். சுற்றிலும் அவர் மேசைப் பெண்கள். என் கையில் பை ஏதாவது இருக்கிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்த்தார்கள். "நீங்களா வந்தீங்களா, மொதலாளி அனுப்புனாரா?" என்றார் அஞ்சலை. கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. "நீங்க வரலன்னா என் வேலை போயிடும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர்கள் முகங்களில் ஒரு தெளிவு வந்தது. இத்தனை மாதங்களில் நான் சொன்னதில் அவர்கள் நம்பியது அது ஒன்றைத்தான். ஊர்ச் சாவுக்குப் போகும் நாளை லீவாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார்கள். முதலாளியிடம் போராடி வாங்கித் தருகிறேன் என்றேன். அஞ்சலை கத்தியைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம்? கேக்கெல்லாம் எதுக்கு?"

எனக்கும் ஒரு படம்

முதலாளி அரை மனதாக ஒத்துக்கொண்டார். மேசை நிறைந்தது, சரக்கும் போனது. அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. "நீங்கதான் இந்தக் கம்பெனிக்கு முதுகெலும்பு" என்றார். டீ வந்தது, கூடவே முந்திரி பிஸ்கட்டும். வாசல் கூடத்தில் மாட்ட என் படம் ஒன்று வேண்டும் என்றார்.

என் நாற்காலிக்கு யாரைப் புதிதாக எடுத்திருக்கிறார்? எப்போதிலிருந்து? கோவில்பத்தில் வாடகை வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் கண்முன் வந்து போயின. கீழே இறங்கி நேராக அஞ்சலையின் மேசைக்குப் போய்ச் சொன்னேன். மேசையில் கைகள் நின்றன. அஞ்சலை மட்டும் இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போட்டோவே கேட்டுட்டாரா? அப்ப இன்னையிலேர்ந்து எங்களோட ஒக்காந்து சாப்புடுங்க மேடம், இப்பவே பழகிக்கிட்டா நல்லது."

மனிதரை வேலை செய்ய வைப்பது எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு நாள்கூட லீவு போடாதது சந்தேகம் ஒன்றுதான் என்பதால் அந்தக் குக்கரை அதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.