போன் கேட்டில், முகம் பேஜில்

1. திங்கட்கிழமை வந்த அழைப்பு

திங்கட்கிழமை காலை. சீட்டில் உட்கார்ந்து டீயைக்கூட வாயில் வைக்கவில்லை, எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரின் ஏஜென்ட் சென்னையிலிருந்து கூப்பிட்டார். வழக்கமாக "குட் மார்னிங் மேடம், சாப்டீங்களா" என்று ஆரம்பிக்கிற மனிதர். அன்றைக்கு அதெல்லாம் இல்லை.

"மேடம், உங்க கம்பெனி பேஜை நீங்க யாரும் பாக்கறதே இல்லியா?"

நான் பார்ப்பதில்லை என்றேன். அவரே ஒரு லிங்க் அனுப்பினார். திறந்தால் ஒரு வீடியோ, எங்கள் ஸ்டிட்சிங் ஹால். அங்கே தைக்கிற கோமதி, ஒரு லேடீஸ் பூட்ஸைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் ஏதோ குத்துப்பாட்டு ஓடுகிறது. அந்த பூட்ஸ் அடுத்த குளிர்காலத்துக்கென்று பையர் எங்களை நம்பிக் கொடுத்திருந்த புது மாடல். அவர்கள் நாட்டுக் கடைகளுக்கே இன்னும் போகவில்லை. கீழே ஒருவர் "ப்ரைஸ் ப்ளீஸ்" என்று கேட்டிருந்தார். எங்கள் கம்பெனி பெயரில் ஒரு மகராசன் பதில் போட்டிருந்தான்: "ஹோல்சேலுக்கு டி.எம். பண்ணுங்க." தனியாக மெசேஜ் அனுப்பச் சொல்கிறானாம்.

அடுத்தவன் வீட்டுப் பொருளை நம் வாசலில் வைத்துக் கூவி விற்கிற வேலை இது.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனவள் நான். வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற ஆள்தான் மெர்ச்சண்டைசர். ஷூ நன்றாக வந்தால் ஃபேக்டரிக்குப் பெயர், கெட்டுப்போனால் எனக்குத் திட்டு. பழகிப்போன விஷயம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பழகிப்போனதாக இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சமீபத்தில் வேலூரில் சிறு வியாபாரிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. சோஷியல் மீடியாவில் வியாபாரம் செய்கிறவர்கள் பண்ணும் தப்புகள் என்று ஒருவர் ஸ்லைடு போட்டு விளக்கினார். போட்டோ மங்கலாக இருக்கக் கூடாதாம், ஹேஷ்டேக் கம்மியாக இருக்கக் கூடாதாம், மத்தியானத்தில் போஸ்ட் போடக் கூடாதாம். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி ஸ்லைடு வரைக்கும் படத்தில் இருக்கிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

2. பேஜ் வந்த கதை

எங்கள் சின்ன முதலாளி கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஹைவேயில் கம்பெனி சொந்தமாக ஒரு கடை போட்டது. நம் பிராண்டு செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாம் அங்கே விற்பனை. அதற்கு விளம்பரம் வேண்டும் என்று ஒரு ஏஜென்சியைப் பிடித்தார். நியாயமான ஆசைதான்.

ஏஜென்சிக்காரர்கள் தினம் ஒரு போஸ்ட் என்று ஆரம்பித்தார்கள். பண்டிகை வந்தால் பெரிய லோகோவும் சின்ன வாழ்த்தும். பண்டிகை இல்லாத நாளில் இண்டர்நெட்டில் எடுத்த ஏதோ வெள்ளைக்காரத் தொழிலாளியின் படம், கீழே 'எங்கள் கைவண்ணம்'. கடையில் வாங்கிய செருப்பின் வார் ஒரே வாரத்தில் பிய்ந்துவிட்டது என்று திமிரியிலிருந்து ஒரு அம்மா படத்தோடு போட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. அவர் மறுபடி கேட்டதும் அந்தக் கமெண்டையே அழித்துவிட்டார்கள். செருப்பை மாற்றிக் கொடுத்திருந்தால் அந்த அம்மாவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். அதைவிட்டுவிட்டு, எந்த ஊர் ஆள் என்றே தெரியாத ஃபாலோயர்களைக் காசு கொடுத்துச் சேர்த்து மீட்டிங்கில் கைதட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கடையில் எடுக்க வேண்டிய படத்தை எடுக்க வெளிநாட்டு ஆர்டர் தைக்கிற எக்ஸ்போர்ட் ஹாலுக்குள் வந்தார்களே, அங்கேதான் வினை.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்கு வருகிற யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, நம்பர் அடித்த அலுமினிய டோக்கனை வாங்கிக்கொண்டு போக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு ஓடி வந்துதான் விசாரிக்க வேண்டும். பையர்களின் டிசைன் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். அதற்குப் பையரிடம் கம்பெனி கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தது.

ஏஜென்சிப் பையன்கள் வந்த அன்றைக்கு நான் சென்னையில் இருந்தேன். நடந்ததை லைன் சூப்பர்வைசர் பிற்பாடு சொன்னார். ஆளுக்கு இரண்டு போன், ஒரு கேமரா, ஒரு ரிங் லைட் சகிதம் நேராக உள்ளே வந்திருக்கிறார்கள். சின்ன முதலாளியின் விருந்தாளிகள் என்பதால் கேட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைச் செருப்பு 'ரிச்சாக' இல்லை என்று சாம்பிள் ரூமில் புகுந்து அந்த பூட்ஸை எடுத்திருக்கிறார்கள். சிரித்த முகமாக ஒரு ஆள் வேண்டும் என்று சுற்றிப் பார்த்துக் கோமதியை மெஷினிலிருந்து எழுப்பியிருக்கிறார்கள். இது எதுக்கு என்று அவள் கேட்டாளாம். சும்மா, கம்பெனிக்குத்தான் என்றார்களாம். சின்ன முதலாளி பக்கத்திலேயே நிற்கும்போது மாட்டேன் என்று எந்த ஆப்பரேட்டர் சொல்லுவாள்?

3. மெமோ

ஏஜென்ட் கூப்பிட்ட அன்றைக்கு மத்தியானமே பையரிடமிருந்து மெயில் வந்துவிட்டது. டிசைன் எப்படி வெளியே போனது, யார் பொறுப்பு, பதில் வரும்வரை எல்லா ஆர்டரும் நிறுத்தம். சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், ஒரு ஆப்பரேட்டர் தெரியாம பண்ணிட்டா, அவள வேலைய விட்டு எடுத்துட்டோம்னு ஒரு மெயில் போட்டுடுங்க. மேட்டர் க்ளோஸ்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கூட்டி வந்தது இவர், எடுத்தது அவர்கள், போஸ்ட் போட்டது அவர்கள். வேலை போவது மட்டும் கோமதிக்கு. ஏனென்றால் வீடியோவில் தெரிகிற முகம் அவளுடையது. மெயில் போட மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். அவர் தன் அப்பாவான பெரிய முதலாளியின் ரூமுக்குப் போய்விட்டார். நான் ஹெச்.ஆர். ரூமுக்கு ஓடினேன்.

கோமதி நாட்றம்பள்ளிக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் தங்கை வேலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் பாதியில் நிற்கும். டிசைனை வெளியே விட்டவள் என்று பெயர் எடுத்தால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாது.

ஹெச்.ஆர். ரூமில், தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த மெமோவை அவள் நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ்தான். பிளஸ் டூ படித்தவள், நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு ஹெச்.ஆர். மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், நானா சாம்பிள எடுத்து கேமராவுல காட்னேன்னு போட்டிருக்கீங்க. என் போன கேட்ல வாங்கி வெச்சிக்கினுதான உள்ள வுட்றீங்க. அப்ப இத எடுத்தது யாரு போன்ல?"

அதையெல்லாம் இப்போது பேசாதே, கையெழுத்துப் போடு என்றார் அவர்.

"போட மாட்டேன் சார். நீங்க வாங்கி வெக்கிறது பட்டன் போன். அதுல கேமராவே இல்ல. அந்த வீடியோவ நான் இன்னும் பாக்கக்கூட இல்ல. எங்க ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

அழவில்லை அவள். மெமோவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பெரிய முதலாளியின் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று கூட நினைவில்லை.

நியாயம், அநியாயம் என்று பேசினால் எடுபடாது என்று எனக்குத் தெரியும். அதனால் தொழில் பேசினேன். பையர் ஃபேக்டரியைச் சோதிக்க ஆடிட் வைக்கும்போது தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். மேனேஜ்மெண்ட் ஆள் ஒருவரும் பக்கத்தில் இருக்க முடியாது.

"கோமதிய அனுப்பிட்டா அவ பக்கத்துல தெக்கிறவங்க இருப்பாங்க சார். ஆடிட்டர் கேட்டா இன்னா சொல்லுவாங்க? டிசைன் போனதுக்கு ஒரு ஆர்டர்தான் போவும். பொய் சொன்னது தெரிஞ்சா பையரே போய்டுவாரு. அந்தப் பொய்க்கு என் பேர்ல மெயில் போவாது."

பெரிய முதலாளி மகனை ஒரு பார்வை பார்த்தார். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டார். எங்கள் பேஜ், எங்கள் ஏஜென்சி, எங்கள் அனுமதியோடு எடுத்தது, தொழிலாளியின் தவறு எதுவும் இல்லை என்று எழுதி, கீழே சின்ன முதலாளியையே கையெழுத்துப் போட வைத்தேன்.

உண்மையைச் சொன்னதற்காக யாரும் எங்களைப் பாராட்டவில்லை. பையர் அந்த மாடலைப் பிடுங்கி வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். மற்ற ஆர்டர்கள் தப்பின. மெமோ கிழிந்தது. கோமதி மறுநாள் மெஷினில் உட்கார்ந்தாள். அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

4. அழிக்க முடியாதது

அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேடம், என் மூஞ்சிய எப்ப எடுப்பாங்க?"

எங்கள் பேஜில் அன்றைக்கே அழித்தாயிற்று. அதற்குள் வேறு யார் யாரோ எடுத்துத் தங்கள் பேஜில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழிப்பதற்கு முன் அந்தக் கமெண்டுகளை நான் முழுக்கப் படித்திருந்தேன். ஒருத்தன் 'ஷூ வாங்கினா பொண்ணும் ஃப்ரீயா' என்று எழுதியிருந்தான். அதற்கு எங்கள் கம்பெனி பேஜிலிருந்து ஒரு ஹார்ட் விழுந்திருந்தது. ஏஜென்சிப் பையனைப் பிடித்து ஏன்டா இது என்று கேட்டேன்.

"எல்லா கமெண்டுக்கும் போடுவோம் மேடம். என்கேஜ்மெண்ட், அதான் ஆளுங்க வந்து பாக்கறது, ஜாஸ்தியாகும்."

செருப்புப் பிய்ந்த அம்மாவின் கமெண்டை அழிக்கத் தெரிகிறது. இதை அழிக்கத் தெரியவில்லை, ஹார்ட் போடத் தெரிகிறது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

கடை வைத்திருக்கிற தம்பி, தங்கைகளே, எந்த நேரத்தில் போஸ்ட் போடுவது என்பதை யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படத்தில் இருக்கும் பொருள் உங்களுடையதா என்று பாருங்கள். அதில் இருக்கும் ஆளிடம் முழு விவரமும் சொல்லிக் கேளுங்கள், மாட்டேன் என்று சொன்னால் அவருக்கு எந்த நஷ்டமும் வராதபடி கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் எடுக்காதீர்கள்.

நான் ரிடையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வேறொரு ஏஜென்சி வந்தது. சின்ன முதலாளியோடு ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்தபடியே ஸ்டிட்சிங் ஹாலுக்குள் வந்தான். எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். கோமதி மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"சார், உங்க டோக்கன் எங்க?"

அவனுக்குப் புரியவில்லை. அவள் தன் டோக்கனை எடுத்துக் காட்டினாள். பக்கத்து மெஷின் நின்றது. அதற்குப் பக்கத்து மெஷினும் நின்றது. லைன் முழுக்கப் பெண்கள் தங்கள் டோக்கனைக் கையில் எடுத்துக்கொண்டு அவனையே பார்த்தார்கள்.

பையன் சின்ன முதலாளியைப் பார்த்தான். அவர் தன் சட்டைப் பையிலிருந்த போனையும் எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"ரெண்டையும் கேட்ல குடுத்துட்டு வா."