கேமராவுக்குள் திருநீறு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைத்தே தொடங்குகிறேன். உங்கள் தீர்ப்பு எதுவாயினும் ஏற்கிறேன். முதலில் அந்த மணத்தை அறிந்துகொள்ளுங்கள்: கொடைக்கானலில் எங்கள் வீட்டு முன்னறையில், ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, வாடிய சாமந்தியும் அணைந்த கற்பூரமும் ஈரச் சுவரும் கலந்து நின்ற மணம். அதன் நடுவே என் அண்ணன், தமது மடக்குக் கேமராவின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, உள்ளே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஏரிக்கரையில் வெளியூர்க்காரர்களைப் படமெடுப்பதே அவருடைய "சோலி". அவருக்கிருந்த ஒரே கேமராவின் உள்ளே, கறுப்புத் துருத்தியின் மடிப்புகளிலெல்லாம் திருநீறு வெள்ளையாகப் படிந்திருந்தது. லென்சின் பின்புறக் கண்ணாடியிலும் ஒரு பூச்சு.

அதைத் தூவியவன் நான். பேச்சுப் போட்டிகளில் எவரிடமும் தோற்றறியாத பன்னிரண்டு வயதுக்காரனான நான், அரிவாளுக்குக் கூரில் பூசுகிறோம், தராசுக்கு முள்ளில் பூசுகிறோம், ஆகவே கேமராவுக்கு உட்புறத்தில்தான் பூச வேண்டும் என்று எனக்கு நானே வாதாடி வென்று, பூசை முடிந்த கையோடு கதவைத் திறந்து ஒரு சிட்டிகைக்கு மூன்று சிட்டிகையாகப் போட்டு மூடிவிட்டிருந்தேன்.

"யாருலே இந்த வேலையப் பாத்தது?" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இன்னொருவனும் இருந்தான்: என் மாமன் மகன் சடையாண்டி. தன் ஊரான பாச்சலூரில் மேற்கொண்டு படிக்க வழியில்லாமல் எங்களிடம் தங்கிப் பள்ளிக்குப் போய்வந்தவன். நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் நிற்பதுபோல் நின்று, மூன்று ஆதாரங்களை அடுக்கினேன். பூசைத் தட்டுக்கு அருகில் நின்றவன் அவன். கேமராவுக்குள் என்ன இருக்கிறது என்று முந்தாநாள் கேட்டவன் அவன். இதோ, அவன் விரலிடுக்கில் திருநீறு. அன்று எங்கள் எல்லோருடைய விரலிலும் திருநீறு இருந்ததை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசினேன்.

"நான் இல்லைங்க மாமா" என்றான் அவன். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை.

"மத்தியான பஸ்ஸுக்கு மூட்டையக் கட்டு. நீ படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார் அப்பா.

அம்மா ஈரத்துணியோடு வந்தார். அண்ணன் பதறிக் கையை நீட்டித் தடுத்தார். "தொட்டுராதீங்கம்மா! வெளக்கு தேய்க்கிற சாம்பலும் இதுவும் ஒண்ணுதான், தேய்ச்சாக் கண்ணாடி பூராக் கீறல் விழுந்துரும். மஞ்சு ஏறுறதுக்குள்ள வெரசா முடிக்கணும். ஈரம் பட்டுச்சுன்னா பசையாப் பிடிச்சுக்கிரும்."

சன்னல்களை அடைத்தார். அறை இருண்டது. "ஏலே பேச்சாளி, நீ கேமராவப் பிடி. தொறந்த பக்கம் தரையப் பாக்கட்டும். வாயத் தொறக்காத, எச்சி தெறிக்கும். சடையாண்டி, மூட்டைய வச்சுட்டு டார்ச் அடி."

காதுக்கு மருந்து விடும் ரப்பர்க் குமிழைக் கழுவிக் காயவைத்திருந்தார். கீழிருந்து, சாய்வாக, குமிழை ஒருமுறை அமுக்கினார். வெண்தூள் புகைபோல் இறங்கி என் கால்மேல் விழுந்தது. துருத்தியை வெளிப்புறம் நகத்தால் மெல்லத் தட்டினார், மறுபடி அமுக்கினார். மிச்சமிருந்ததை, எதிலும் தோயாத புதுத் தூரிகையின் நுனியால், அழுத்தாமல் விசிறுவதுபோல் தள்ளினார். தூரிகை கண்ணாடியை நெருங்கியபோது கேமராவை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சன்னல் இடுக்கில், மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி வெண்மையாக நுழையத் தொடங்கியிருந்தது.

கீழே மத்தியான பஸ்ஸின் ஹாரன் ஒலித்தது.

தலையைத் திருப்பி நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காதே என்ற அண்ணனின் கட்டளை என் கோழைத்தனத்துக்கு நல்ல மறைவாக அமைந்தது, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சடையாண்டியின் டார்ச் வெளிச்சமோ அசையவே இல்லை.

"அத்தான், ஓரத்துல இன்னும் கொஞ்சம் கெடக்கு" என்றான்.

அண்ணன் அதையும் தள்ளினார். ஷட்டரைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. கேமராக் கதவை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு, "இனிப் பேசலாம்" என்றார்.

சடையாண்டி குனிந்து மூட்டையைத் தூக்கினான்.

"நான்தான் போட்டேன்" என்றேன். மேடையில் ஒருநாளும் வராத குரலில் வந்தது.

அப்பா சடையாண்டியைத்தான் பார்த்தார். "உனக்குத் தெரியுமாடா?"

"இவன் போடுறப்பப் பாத்தேங்க மாமா."

"பெறகு ஏன்டா சொல்லல?"

"இவன் பேசப் பேச, நான்தான் போட்டேனோன்னு எனக்கே ஆயிருச்சுங்க."

எத்தனையோ மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் பேச்சுக்கு இப்படியொரு பாராட்டு பிறகு கிடைத்ததில்லை, கிடைக்கவும் வேண்டாம். அந்தக் கேமரா இன்று எங்களிடம் இல்லை. அந்த முன்னறையை இடித்துக் கடையாக்கிவிட்டார்கள். சடையாண்டி எங்கள் வீட்டிலிருந்தே பள்ளிப் படிப்பை முடித்தான்.

அன்று அப்பா என்னை அடிக்கவில்லை. "அவன் மேல குத்தம் சொன்னப்ப எப்படி நின்னியோ, அப்படி நின்னு, இனி என்ன செய்ய மாட்டேன்னு சொல்லு" என்றார். மஞ்சு நிறைந்துவிட்ட அந்த அறையில், சடையாண்டியின் முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்:

"பதில் பேச முடியாதவங்க மேல இனி நான் ஒருநாளும் குத்தம் பேச மாட்டேன்."