ஊற்றுக்கண்ணில் போட்ட குறி

மரத்தில் குறி போடுவது என் வேலை. வெள்ளைப் பெயின்டில் வளையம் போட்டால் வெட்டலாம், இல்லையென்றால் அது நிற்கும். கொட்டச்சேடு என்ற மலையூருக்கு மேலே அரசுக் காட்டில் என்றைக்கோ நட்ட தைலமரங்கள் நெருக்கியடித்து நின்றன. பாதியை எடுத்தால் வெயில் இறங்கும், அடியில் திணறும் நாவல் கன்றுகள் மேலே வரும். ஒரே ஒரு கட்டுப்பாடு, ஓடைக்கு இருபுறமும் முப்பது தப்படிக்குள் எந்த மரத்தையும் தொடக் கூடாது. தைலமரமே ஆனாலும் அதன் வேர்தான் அங்கே மண்ணைப் பிடித்திருக்கிறது.

சித்திரையில் குறி போடப் போனேன். ஓடை காய்ந்து கிடந்தது. வரைபடத்தில் ஓடையைக் காட்டும் நீலக்கோடு தொடங்கிய இடத்திலிருந்து தப்படி அளந்தேன். அதற்கு மேலே சருகு மூடிய ஒரு பள்ளம். புல்லுக்கட்டோடு வந்த மலைக்கார அம்மா ஒருவர், பள்ளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதைக் கடந்தார். சருகுக்கெல்லாம் இவ்வளவு மரியாதையா என்று கிண்டல் செய்தேன். கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க சார், இங்க குறி போடாதீங்க. இது ஊத்துக்கண்ணுங்க. மழை புடிச்சா இங்கதான் தண்ணி பொறக்கும். கீழ எங்க ஏழெட்டு ஊடும் இதைத்தான் குடிக்குது."

வரைபடத்தைத் தட்டிக் காட்டி, இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். படித்தவன் என்ற திமிர், வேறென்ன. பள்ளத்தைச் சுற்றி நின்ற மரங்களுக்கெல்லாம் வளையம் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினேன்.

வெட்டிய மரங்களை அந்தப் பள்ளத்தின் வழியாகவே இழுத்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. அவர் சொன்ன அதே இடத்தில் ஊற்று கிளம்பி, பிடிப்பில்லாத மண்ணை வாரிக்கொண்டு இறங்கியது. கீழே வீடுகளில் குடத்துக்கடியில் சேறு படிந்தது. குடிக்கிற தண்ணீரைப் பெண்கள் தூரத்திலிருந்து சுமந்தார்கள்.

என் மேலதிகாரி பார்க்க வந்தார். ஊர்க்காரர்கள் சுற்றி நிற்க, இங்கே ஊற்று இருப்பது தெரியாதா என்று கேட்டார். அந்த அம்மா எனக்கு நேர் எதிரில் நின்றார்.

"யாரும் சொல்லலைங்க சார்" என்றேன். சொன்ன வாய் இன்றைக்கும் கூசுகிறது.

அதிகாரி அந்த அம்மாவிடம் திரும்பி, அப்படியா என்றார். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"கோடையில பாத்தாத் தெரியாதுங்க. வெளியூர்க்காரருக்கு எப்படிங்க தெரியும்?"

என் வேலை தப்பியது. அந்த அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மண்ணைத் தடுக்க எங்கெங்கே கல் அடுக்கலாம் என்று காட்ட அவரே முன்னால் நடந்தார். பள்ளம் முழுக்கச் சேறு. ஓரத்தில் நின்று, அன்றைக்குப் போலவே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நானும் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அவிழ்த்த பிறகும் நிமிர முடியவில்லை.